இடப்பக்கம் சாயும் தையல்

பச்சகுப்பம்
18.8.2024

அன்புள்ள ஃபீபிக்கு,

அக்கா ரோஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் மாமா ஆபேலும் ஹெப்சியும் சுகம். அத்தையும் சுகம், அவளுடைய முழங்கால் வலியும் அவளைப் போலவே திடமாக இருக்கிறது. ஹாஸ்டல் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? வயிறு எரிந்தால் மோர் குடி.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்பாய். போன் பகலெல்லாம் மாமாவோடு லோடு ஏற்றப் போய்விடுகிறது. சாயங்காலம் பேசலாமென்றால் அத்தை செய்தி கேட்கிற மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதுவுமில்லாமல் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் கேட்டால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ ஜப்பான் போகிற சேதியை நேற்று காசிதான் சொன்னான். திங்கட்கிழமை ஷூ மேல்தோல் அப்பர் மூட்டையைத் தெருவில் வீடு வீடாகப் போட்டு, சனிக்கிழமை தைத்ததை வாங்கிப் போகிறானே, அதே காசி. டி.வி.எஸ்.ஸை நிறுத்தக்கூட இல்லை. "இன்னா ரோஸக்கா, உன் தங்கச்சி பிளேன் ஏறப் போவுதாமே!" என்று கத்தினான். கைத்தையல் போட்டுக் காட்ட ஒரு பொம்பளை வேண்டுமாம், உங்கள் கம்பெனி சாம்பிள் ரூமில் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் நீ ஒருத்திதானாம். குவைத் போகிறேன் என்று அழுது அடம்பிடித்து எடுத்த பாஸ்போர்ட், கடைசியில் இதற்காவது ஆயிற்று.

ஆனால் ஷூ ஆர்டர் கொடுக்கிற அந்த ஜப்பான்காரப் பெரியவரை மயக்கினது எந்த ஜோடி தெரியுமா? ஜூன் மாசம் காசி தனிப் பையில் கொடுத்த பழுப்பு ஜோடி. மூக்கைச் சுற்றி முப்பத்தாறு தையல். மூன்று நாள் உட்கார்ந்து, பிரித்துப் பிரித்து நான் தைத்தது. பெரியவர் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லையாம்.

எனக்கு அங்கேயிருந்து சென்ட் வேண்டாம், சாக்லேட் வேண்டாம். அவரிடம் "இது எங்க அக்கா ரோஸ் தைச்சது" என்று ஒரு வார்த்தை சொல்லு. பதினாலு வருஷமாகத் தைக்கிறேன். எந்த ஊரில் எந்தக் காலில் போகிறது என்று தெரியாது. ஒரு இடத்திலாவது என் பேர் தெரியட்டுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரோஸ்


பெரியமேடு, சென்னை
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலம். வயிறு எரியவில்லை, மோர் தினமும் குடிக்கிறேன். அத்தை முழங்காலுக்குப் புதுத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஹெப்சி கணக்கில் எத்தனை மார்க் என்று எழுது.

சொல்வேன் அக்கா. சத்தியம் பண்ணக் கூடாது என்று சபையில் சொல்கிறார்கள், அதனால் சத்தியம் பண்ணாமலே சொல்கிறேன். "ரோஸ்" என்று சொல்லி, பச்சகுப்பம் என்று சொல்லி, அவர்கள் நாக்கில் வராவிட்டால் எழுதியும் கொடுத்துவிட்டு வருகிறேன்.

எக்ஸ்போர்ட் மேனேஜர் தானிஷ் சார்தான் கூட வருகிறார். நல்ல மனுஷர். ஓவர்டைம் நாளில் எல்லாருக்கும் பிரியாணி வந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். அங்கே டோக்கியோவில் நிஷா என்று ஒரு தமிழ்ப் பெண் பேச்சு மாற்றிச் சொல்ல வருவார்களாம். கம்பெனி எனக்கு இரண்டு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறது. தினமும் மதியம் உட்கார்ந்து பத்துத் தையல் பழகுகிறேன். உன் அளவுக்கு வராது, மேடையில் தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது போதும் என்கிறார் சார்.

தங்குவது ஏதோ பழைய பெரிய ஓட்டலாம். உள்ளேயே ஒரு தோட்டம் இருக்கிறதாம். எல்லாம் பார்த்து எழுதுகிறேன். ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

அன்புத் தங்கை,
ஃபீபி


டோக்கியோ
19.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆசை. காகிதத்தைத் தொட்டுப் பார். இது ஓட்டல் காகிதம், மேசையிலேயே வைத்திருக்கிறார்கள். மூலையில் தங்க நிறத்தில் பறக்கிற கொக்குதான் ஓட்டல் முத்திரை. கரண்டியிலிருந்து கைத்துண்டு வரைக்கும் இந்தக் கொக்குதான்.

அறையைப் பற்றி என்ன சொல்ல! கக்கூஸ் கதவைத் திறந்தால் மூடி தானாகத் திறக்கிறது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று "சாரி" சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். குளித்துவிட்டு உடுத்த ஒரு அங்கி, காலுக்கு வெள்ளைத் துணிச் செருப்பு. அதிலும் கொக்கு. வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று நிஷா அக்காவைக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோ, அது உனக்குத்தான்" என்றார். உனக்காக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

தோட்டம்தான் அக்கா பார்க்க வேண்டும். சுற்றிலும் இருபது மாடி முப்பது மாடி, நடுவில் குளம், சிவப்புப் பாலம், அருவி. தண்ணீரில் என் முகம் தெரிகிறது. நம் பாலாற்று நுரையை நினைத்துக்கொண்டேன். முழங்கை நீளத்துக்கு ஆரஞ்சு மீன்கள். ஏணி போட்டு ஏறிய ஒரு ஆள் ஊசியிலை மரத்தில் பழுத்த இலையை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தேன், மாலையிலும் அதே மரத்தில்தான் இருந்தார். உனக்கு ஏற்ற வேலை.

செவ்வாய்க்கிழமை பெரிய ஹாலில் தையல் போட்டுக் காட்டினேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியவர் பெயர் மொரிதா. பழுப்பு ஜோடி அவருக்குச் சரியாக இருக்கிறதாம், தனக்கே வேண்டுமென்று வாங்கிக்கொண்டார். நேற்றுக் காலையில் என்னையும் நிஷா அக்காவையும் தோட்டத்தில் கூட்டிப்போனார். பாலத்தின் நடுவில் நின்று ஏதேதோ கேட்டார், சொன்னேன், படமும் எடுத்தார்கள். அங்கே மீனுக்கு இரை விற்கிறார்கள். ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டேன். எல்லா மீனும் வாயைத் திறந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. பார்க்கப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்.

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. மெத்தை அதிக மிருதுவாக இருப்பதால்தான். நாளை கிளம்புகிறோம்.

அன்புடன்,
ஃபீபி


பச்சகுப்பம்
13.10.2024

அன்புள்ள ஃபீபிக்கு,

எல்லாரும் சுகம். ஹெப்சி கணக்கில் எழுபத்தொண்ணு. உன் ஜப்பான் காகிதம் நீ வந்து சேர்ந்து இரண்டு வாரம் கழித்து வந்தது. தைலமும் செருப்பும் காசி கையில் வந்தன. தைலம் நல்லது. செருப்பு என்னிடம் அரை மணி நேரம்தான் இருந்தது. "குளிர் தரையில கால் வெச்சா எனக்கு ஜிவ்வுன்னு ஏறுது" என்று அத்தை மாட்டிக்கொண்டவள்தான், கழற்றவே இல்லை. வெள்ளைச் செருப்போடு ராணி மாதிரி வீட்டுக்குள் நடக்கிறாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் காகிதத்தைத் தெருவில் படித்துக் காட்டினேன். கக்கூஸ் மூடிக் கதையைக் கிறிஸ்டினா மூன்று தடவை படிக்கச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து வீட்டு வள்ளியம்மாள், "இலையைக் கிள்றதுக்குக் கூலி குடுக்கிறாங்களா, அப்ப நம்மளை அங்கயே கூட்டிக்கச் சொல்லு" என்றாள்.

எல்லாம் எழுதினாய். கொக்கு எழுதினாய், மீன் வாயை எழுதினாய். நான் கேட்ட ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறந்திருப்பாய். படித்துக் காட்டும்போது வள்ளியம்மாள் கேட்டுவிட்டாள். "இன்னா ரோஸு, உன் பேரு வரவே இல்ல?" அடுத்த காகிதத்தில் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெரியவர் என்ன சொன்னார் என்று வரிக்கு வரி எழுது.

உன் அக்கா,
ரோஸ்


பெரியமேடு
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஹெப்சிக்கு என் முத்தம். இங்கே நல்ல மழை, பெரியமேட்டுத் தெருவெல்லாம் தோல் நாற்றத்தோடு தண்ணீர் நிற்கிறது.

நீ கேட்டதை நேரில் சொல்கிறேன் அக்கா. காகிதத்தில் எழுதினால் சரியாக வராது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரியவர் ஜனவரியில் ஆம்பூர் ஃபேக்டரிக்கு வருகிறார். இரண்டாயிரம் ஜோடி ஆர்டர் அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான். அவருக்கு உன் இடதுகைத் தையல்தான் பிடித்திருக்கிறது. அது இடப்பக்கம் சாய்கிறதாம், அழகாக இருக்கிறதாம். எனக்கும் அதைக் கற்றுக்கொள்ள ஆசை. குத்தூசியை எந்தக் கையில் பிடிக்கிறாய்? நூலை எந்தப் பக்கம் இழுக்கிறாய்? விவரமாக எழுது. தப்பாக நினைக்காதே, சும்மா ஆசைக்குத்தான்.

அன்புடன்,
ஃபீபி


பச்சகுப்பம்
10.11.2024

என் அருமைத் தங்கச்சிக்கு,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். உன் காகிதத்தை வாங்கியதிலிருந்து எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் டீச்சர் சிலேட்டுக் குச்சியைப் பிடுங்கி வலது கையில் சொருகுவார். நான் அழுதுகொண்டே மாற்றுவேன், அவர் திரும்பவும் சொருகுவார். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை இடது கையால் நீட்டிவிட்டேன். அத்தை இன்றைக்கும் "பீச்சாங்கையால குடுத்த காபியைக் குடிச்சுத்தான் என் புள்ள இப்படி ஆயிட்டான்" என்கிறாள். சபையில் காணிக்கை போடும்போது நினைவாக வலது கைக்கு மாற்றுகிறேன். இத்தனை வயசில் இந்தக் கையைக் கற்றுக்கொடு என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

கேட்டுக்கொள். அப்பரை முழங்கால் நடுவில் இடுக்கு, மூக்கு உன் பக்கம் பார்க்க வேண்டும். குத்தூசி இடது கையில். ஓட்டையைக் குத்தும்போதே கொஞ்சம் சாய்த்துக் குத்து, நேராகக் குத்தினால் தையல் நிற்குமே தவிர சாயாது. ஊசியை நுழைத்ததும் நூலை உன் இடது விலாப் பக்கமாக இழு. வலது கட்டைவிரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் மடிப்பு ஒரே அளவாக வராது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரே பலம். கோபமாக இருக்கும்போது தைக்காதே, நூல் இறுகிவிடும். முதல் பத்து நாள் அசிங்கமாக வரும். சுண்டுவிரல் கிழியும், பழைய துணியைச் சுற்றிக்கொள்.

பழக ஒரு துண்டுத் தோலில் நான் பாதி தைத்து இதோடு வைத்திருக்கிறேன். மீதியை நீ தைத்து அனுப்பு. திருத்திக் கொடுக்கிறேன். இனிமேல் நான்தான் உனக்கு டீச்சர், ஆனால் அடிக்க மாட்டேன்.

பேர் சொன்ன கதையை நேரில்தான் சொல்வாயென்றால் கிறிஸ்மசுக்கு வா.

உன் அக்கா,
பீச்சாங்கை ரோஸ்


பச்சகுப்பம்
15.12.2024

ஃபீபிக்கு,

போன திங்கட்கிழமை காசி போட்ட மூட்டையைப் பிரித்தோம். அப்பர் கசங்காமல் இருக்க நடுவில் காகிதம் சொருகியிருந்தார்கள். வழவழப்பான கலர் விளம்பரக் காகிதம், எடுத்துப் பார்த்தால் உன் படம். பட்டுப் புடவையில், சிவப்புப் பாலத்தில், கையில் என் பழுப்பு ஜோடியோடு நிற்கிறாய். சந்தோஷத்தில் நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். வள்ளியம்மாள், கிறிஸ்டினா, இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். கீழே இங்கிலீஷில் இருந்ததை ஹெப்சியைப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

"இந்த ஜோடியைத் தைத்தவர் ஃபீபி. ஃபேக்டரியிலேயே தைக்கிறார். இடதுகைத் தையலை அம்மாவிடம் கற்றார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை."

ஹெப்சி படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வள்ளியம்மாள் "சரி, எனக்கு அடுப்புல வேலை கெடக்குது" என்று எழுந்து போனாள்.

நம் அம்மா என்றைக்கு ஊசி பிடித்தாள்? தோல் ஷாப்பில் ஈரத் தோல் சுமந்து முதுகு வளைந்து செத்தாள்.

"சித்தி ஏம்மா இப்படிச் சொன்னாங்க?" என்று ஹெப்சி கேட்டாள். "அது கம்பெனிக்காரன் எழுதினதுடி, சித்திக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன். அப்படித்தானே? அப்படித்தான் என்று எழுது.

ரோஸ்


பெரியமேடு
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கம்பெனிக்காரர்கள் எழுதினது இல்லை அக்கா. நான் சொன்னது. ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான்.

செவ்வாய்க்கிழமை ஹாலுக்குப் போகும்போது லிஃப்டில் தானிஷ் சார் சொன்னார். "பாரும்மா, வெளியில தைக்கக் குடுக்கிறது அவங்களுக்குத் தெரியாது. எல்லாம் ஃபேக்டரிக்குள்ளதான் தைக்கணும்னு அவங்க ரூல். தெரிஞ்சா ஆர்டர் போச்சு, அந்த நாப்பது வீட்டுப் பொம்பளைங்களுக்கும் வேலை போச்சு. பேஜார் பண்ணிடாதே." அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

மறுநாள் பாலத்தில் பெரியவர் உன் ஜோடியையும் நான் ஹாலில் தைத்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது இடப்பக்கம் சாயுது, நீங்க தைச்சது வலப்பக்கம் சாயுது, இதைத் தைச்சது வேற யாரோவான்னு கேக்குறார்" என்றார் நிஷா அக்கா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபீஸில் எல்லாரும் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினார்களே தவிர, எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"நான்தான் தைச்சேன். நல்ல ஜோடின்னா இடது கையால தைப்பேன்" என்றேன். யார் கற்றுக்கொடுத்தது என்றார். அம்மா என்றேன். அக்கா தங்கை உண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "யாரும் இல்ல, நான் ஒருத்திதான்" என்றேன்.

அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அக்கா இருக்கிறாள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன போயிருக்கும்? அக்கா என்றால் அடுத்த கேள்வி வருமென்று பயந்து உன்னையே துடைத்துவிட்டேன். நாற்பது வீட்டுக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசை. பாதி அதுதான். மீதிப் பாதி, அந்தக் கைதட்டல் எனக்கு நன்றாக இருந்தது. பட்டுப் புடவையும் அந்த அறையும் நன்றாக இருந்தன. வெட்கம் கெட்டவள் நான்.

அடுத்த தடவை வரும்போது இடது கையால் தைத்துக் காட்டு என்று அவர் கேட்டார். அதற்குத்தான் உன்னிடம் கற்றுக்கொடு என்று கேட்டேன். நீ பீச்சாங்கை ரோஸ் என்று கையெழுத்துப் போட்டிருந்தாயே, அந்தக் காகிதத்தை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. நீ பாதி தைத்துக் கொடுத்த துண்டின் மீதியைத் தைத்து இதோடு வைக்கிறேன். கோணலாகத்தான் இருக்கிறது.

ஜனவரியில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மசுக்கு வர எனக்கு முகம் இல்லை.

ஃபீபி


பச்சகுப்பம்
12.1.2025

ஃபீபிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எல்லாரும் சுகம்.

கிறிஸ்மசுக்கு உனக்குப் பிடிக்குமென்று கலகலா சுட்டு ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன். பிறகு கோபம் வந்து காசிக்குக் கொடுத்துவிட்டேன்.

பெரியவரிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்லிவிட்டால் உனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். வள்ளியம்மாளுக்கு யார் சோறு போடுவது? கிறிஸ்டினா புருஷன் படுக்கையில் கிடக்கிறான். உன் வெட்கத்தைக் கழுவ எங்கள் வேலையைக் கேட்காதே. ஒரு பொய் சொன்னாய், அதை ஒழுங்காகவாவது சொல்லி முடி.

துண்டுத் தோலைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஏழாம் தையலிலிருந்து நீ சாய்க்காமல் நேராகக் குத்தியிருக்கிறாய். கையைப் பார்த்துக் குத்தாதே, குத்துகிற இடத்தைப் பார்.

ரோஸ்


பெரியமேடு
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் வேலையில்தான் இருக்கிறேன். எனக்கு உடம்பு சரியில்லாமல் உளறிவிட்டேன் என்று பெரியவரிடம் சொல்லித் தானிஷ் சார் சமாளித்துவிட்டார். என்னைத் திட்டக்கூட இல்லை.

பெரியவர் வந்த அன்றைக்கு ஃபேக்டரியில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ சொன்னபடி வாயை மூடிக்கொள்ளத்தான் போனேன். சத்தியமாக, இந்தத் தடவை சத்தியம் பண்ணியே சொல்கிறேன். ஊசியை இடது கையில் பிடித்தேன். ஆறு தையல் நன்றாகச் சாய்ந்தது. ஏழாவது நேராக நின்றுவிட்டது. நீ சொன்ன அதே ஏழாவது. எட்டாவது அதைவிட மோசம். பெரியவர் ஊசியை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார். "யாரு கத்துக்குடுக்கிறாங்கன்னு கேக்குறார்" என்றார் நிஷா அக்கா. "எங்க அக்கா" என்று வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. அதற்குமேல் நிறுத்த முடியவில்லை, உன் பேர், ஊர், பதினாலு வருஷம், எல்லாம் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். "அவங்களைப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். தானிஷ் சார் உங்களை எச்சரிக்கப் போனை எடுப்பதற்குள் அவரோடு எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டோம். பதினைந்து நிமிஷத்தில் உன் வாசல்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நிஷா அக்கா கேட்டார், நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். "எனக்குத் தங்கச்சி கிங்கச்சி யாரும் இல்ல. நான் ஷூவும் தைக்கிறதில்ல, பீடி சுத்துறேன். இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது."

நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை அக்கா. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வண்டிக்கு ஓடிவிட்டேன். நாற்பது வீட்டுக்காகச் சொன்னாய் என்று தெரியும். ஆனாலும் அதைக் கேட்கும்போது எப்படி இருக்குமென்று இப்போதுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியதுதான்.

ஃபீபி


பச்சகுப்பம்
16.2.2025

அன்புள்ள ஃபீபிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடு முதலில். அன்றைக்குப் பார்த்தேன், கழுத்தெலும்பு தெரிகிறது.

நீ வண்டிக்கு ஓடின பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இரண்டு வாரமாக எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன்.

வண்டிச் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தேன். உன் பின்னால் வெள்ளைத் தலையோடு ஒரு ஆள் வந்தார். புரிந்துபோயிற்று. கையிலிருந்ததையும் மூட்டையையும் அரிசி டிரம்மில் போட்டு மூடினேன். பெரியவர் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கழற்றினது எந்த ஷூ என்று பார்த்தாயா? என் பழுப்பு ஜோடி. நான் தைத்த ஷூவை ஒரு மனுஷன் காலில் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் தைக்கிறதில்லை என்று சொன்னேன்.

நீ போனதும் தானிஷ் சார் வண்டியைத் திருப்பச் சொல்ல ஓடினார். பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போய் ஷூ மாட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. என்னடா என்று பார்த்தால், வண்டியை வேடிக்கை பார்க்க அத்தை வாசற்படியில் வந்து நிற்கிறாள். அவள் காலில் வெள்ளைச் செருப்பு. அவர் மூக்குக்கு நேரே அந்தத் தங்கக் கொக்கு.

எனக்கு உயிரே போய்விட்டது. அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அவர் நிமிர்ந்து ஏதோ கேட்டார். நிஷா என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துச் சொன்னாள். "பாட்டி, செருப்பு உங்க காலுக்கு அளவா இருக்கான்னு கேக்குறார்."

அத்தையை யார் நிறுத்துவது? "கொஞ்சம் லூசுதான், ஆனா குளிருக்கு ரொம்ப சொகமா இருக்குதுப்பா. எங்க மருமவளோட கூடப் பொறந்தவ ஜப்பானு போயி அக்காவுக்குன்னு கொண்டாந்தா. தங்கமான பொண்ணு, ஃபீபின்னு பேரு, இப்பக்கூட இங்கதான் இருந்தா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

நிஷா இரண்டே வார்த்தைதான் அவர் பாஷையில் சொன்னாள். என்ன சொன்னாளோ தெரியாது. அவர் என் கையைப் பார்த்தார். நான் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அத்தைக்காகவும் சபைக்காகவும் மறைத்த கை. ஒரு ஆள் அதைத் தேடிக் கடல் தாண்டி வந்தபோதும் மறைத்தேன். அவர் எனக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்துவிட்டுப் போய்விட்டார்.

ஆர்டர் வந்துவிட்டது. காசி போன திங்கட்கிழமை மூட்டை போட்டான். எல்லா வீட்டுக்கும் வேலை இருக்கிறது. இடப்பக்கம் சாய்வாகத்தான் வேண்டுமாம், "ரோஸக்கா, நீதான் எல்லாருக்கும் சொல்லித்தரணும்" என்றான். வள்ளியம்மாள் இடது கையில் குத்தூசி பிடித்து நாலு தடவை குத்திக்கொண்டாள். மூட்டையில் யார் பேரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பரில் நீ எழுதின காகிதத்தைப் படித்தபோது, "யாரும் இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்ல இவளுக்கு எப்படி மனசு வந்தது என்று திட்டித் தீர்த்தேன். நானும் சொல்லிப் பார்த்தேன் ஃபீபி, ஒன்றுமே ஆகவில்லை. மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. அதில் கொஞ்சம், பொய் எழுதக் கூடாது, கொஞ்சம் உன்னைக் குத்த வேண்டும் என்றும் இருந்தது. நாற்பது வீடு பாதி, அது பாதி. நீ ஓடினதைப் பார்த்த பிறகு அந்த வெட்கம் என்னை விடவில்லை. உனக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எனக்கே போதவில்லை.

அத்தைக்கு ஒன்றும் தெரியாது. பெரிய மனுஷன் தன் செருப்பை விசாரித்தார் என்று அதைத் தெரு முழுக்கக் காட்டி, உன் பேரைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அன்றைக்கு அந்த வாசலில் நிஜம் பேசினவள் அவள் ஒருத்திதான்.

வருகிற ஞாயிறு வா. ஆராதனை முடிந்ததும் சாப்பாடு இங்கேதான். காசிக்குக் கொடுத்த கலகலா டப்பாவைத் திரும்ப வாங்கிவிட்டேன், புதிதாகச் சுட்டு வைக்கிறேன். நீ வந்தால் யார் என்று தெருவில் யாராவது கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
ரோஸ்